இரண்டு நொடியில் இருளும் மானிட்டர்: கெபாசிட்டர் மாற்றிச் சரிசெய்யும் முறை

பவர் பட்டனை அழுத்தியதும் படம் வருகிறது. இரண்டே நொடியில் திரை இருண்டுவிடுகிறது. அல்லது பட்டனில் உள்ள சின்ன விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிகிறது. அல்லது மானிட்டர் உயிர் பெறவே பத்து நிமிடம் ஆகிறது, அதுவும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. சில ஆண்டுகள் ஓடிய எல்.சி.டி மானிட்டரில் இப்படித் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே பவர் சப்ளை போர்டில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைத்தான், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராக்கும் சின்ன உருளைப் பாகங்களை.

அவற்றை மாற்ற எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியிருந்தால் ஒரு மாலைக்குள் முடிகிற வேலை. இதுவரை சால்டர் செய்ததே இல்லை என்றால், வீணாய்ப் போன ஏதாவது ஒரு போர்டில் பத்துப் பதினைந்து பாகங்களைக் கழற்றி மாட்டிப் பழகிவிட்டு வாருங்கள். மாற்றியும் மானிட்டர் வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களில் பலர் சறுக்குவது இரண்டே இடத்தில்: வீங்கியதை மட்டும் மாற்றிவிட்டு, வீங்காமலே கெட்டுப்போன சின்னதை விட்டுவிடுவது, கையில் கிடைத்த ஏதோ ஒரு சாதாரண கெபாசிட்டரைப் போட்டுவிடுவது. இந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

திறப்பதற்கு முன்

மானிட்டர் வெளியே ஒரு அடாப்டரில் ஓடுகிற வகை என்றால், முதலில் அடாப்டரைப் பாருங்கள். பிளக் முனையில் மல்டிமீட்டர் வைத்தால், அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட் அசையாமல் நிற்க வேண்டும். சுமை இல்லாதபோது சரியாகக் காட்டிவிட்டு, மானிட்டரை மாட்டியதும் சரிந்துவிடும் அடாப்டரும் உண்டு. அதே வோல்ட், அதே முனை, அதே அல்லது அதிக ஆம்பியர் கொண்ட வேறொரு அடாப்டர் கிடைத்தால் மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது. சிலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது டார்ச் சோதனை. அறையை இருட்டாக்கிவிட்டு, திரை இருண்டிருக்கும்போது கணினியில் ஏதாவது படத்தை ஓடவிட்டு, பிரகாசமான டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நிழல் போல மங்கலாகப் படம் தெரிந்தால் பேனலும் மெயின் போர்டும் வேலை செய்கின்றன, திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் மட்டும்தான் அணைந்திருக்கிறது என்று பொருள். இரண்டு நொடியில் இருளும் மானிட்டர்களில் பெரும்பாலும் இதுதான் தெரியும். பேக்லைட் குழல்களை எரிக்க மானிட்டருக்குள்ளேயே இருக்கும் இன்வெர்ட்டர் பகுதிக்குப் போதிய மின்சாரம் சீராகக் கிடைக்காதபோது அது தன்னைத்தானே காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது.

இன்னொரு எளிய சோதனை சூடு. பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியாக ஹேர் டிரையரால் இரண்டு மூன்று நிமிடம் மிதமான சூடு கொடுங்கள். பிறகு பிளக்கை மாட்டி ஆன் செய்தால், வழக்கமாகத் தகராறு செய்யும் மானிட்டர் சட்டென்று எழுந்துவிடுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான். காய்ந்துபோன கெபாசிட்டர் சூட்டில் கொஞ்ச நேரத்துக்கு உயிர் பெறும்.

கெபாசிட்டருக்குச் சம்பந்தமே இல்லாத குறைகளும் உண்டு. திரையில் நிரந்தரமான செங்குத்துக் கோடு, ஒரு பாதி மட்டும் படம், உள்ளே மை கொட்டியது போன்ற கறை இவையெல்லாம் பேனலின் குறை, திறந்து பயனில்லை. ஆன் செய்ததும் திரை இளஞ்சிவப்பாகத் தொடங்கி மெல்ல வெளுத்தால் பேக்லைட் குழல் வயதாகிவிட்டது.

ஏன் கெடுகின்றன

கெபாசிட்டரின் அலுமினியக் கூட்டுக்குள் சுருட்டிய தகடுகளும், எலக்ட்ரோலைட் என்ற திரவத்தில் ஊறிய காகிதமும் இருக்கின்றன. மானிட்டரின் பவர் சப்ளை நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆன்-ஆஃப் ஆகும் வகை. அந்த அதிர்வலையைச் சமன்படுத்தும் வேலை செகண்டரி பக்கத்தில், அதாவது டிரான்ஸ்பார்மரைத் தாண்டி நிற்கும் கெபாசிட்டர்களுடையது. ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் சூடாகும். போதாததற்கு அவற்றை, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கை ஒட்டியே நிறுத்தியிருப்பார்கள். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

திரவம் காயக் காய, கெபாசிட்டரின் உள்தடை ஏறுகிறது. இதை இ.எஸ்.ஆர் என்பார்கள். தடை ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் திரவம் இன்னும் காயும். கடைசியில் வாயு சேர்ந்து மேல்மூடி உப்பும். அல்லது அடியில் உள்ள ரப்பர் வெளியே தள்ளப்பட்டுக் கெபாசிட்டர் சாய்ந்து நிற்கும். 2000-களின் தொடக்கத்தில் வந்த மானிட்டர்களிலும் மதர்போர்டுகளிலும் இது கொத்துக் கொத்தாக நடந்தது. அப்போது சந்தையில் புழங்கிய சில எலக்ட்ரோலைட்டுகளில் அலுமினியம் அரிக்காமல் காக்கும் சேர்மானம் சரியாக இல்லாததால், உள்ளேயே ஹைட்ரஜன் உண்டாகிக் கெபாசிட்டர்கள் குறித்த காலத்துக்கு வெகு முன்பே வீங்கின.

இங்கே கவனிக்க வேண்டியது: இ.எஸ்.ஆர் ஏறியதெல்லாம் வீங்கித் தெரிய வேண்டும் என்பதில்லை. மல்டிமீட்டரில் உள்ள கெபாசிட்டன்ஸ் அளவும் இதைப் பிடிக்காது. 1000 மைக்ரோஃபாரட் என்று எழுதிய கெபாசிட்டர் மீட்டரில் 950 காட்டும், ஆனால் உள்தடை பல மடங்கு ஏறியிருக்கும். நல்ல லோ இ.எஸ்.ஆர் வகையில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டரின் உள்தடை 0.02 முதல் 0.05 ஓம் வரைதான் இருக்கும். அரை ஓமைத் தாண்டினால் அது குப்பைக்கு. இ.எஸ்.ஆர் மீட்டர் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் கவலையில்லை, எப்படியும் மொத்தமாகத்தான் மாற்றப்போகிறோம்.

உயிர் காக்கும் பகுதி

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். பவர் போர்டில் விரல் தடிமனுக்கு மேல் ஒரு பெரிய கெபாசிட்டர் நிற்கும். அதன் மேல் 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் அதற்குள் சுமார் 325 வோல்ட் டி.சி தேங்கி நிற்கும். 115 வோல்ட் நாடுகளில் பாதி. பிளக்கைக் கழற்றிய பிறகும், முக்கியமாகக் கெட்டுப்போன பவர் சப்ளையில், இது பல நிமிடங்கள் அப்படியே இருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து.

பிளக்கைக் கழற்றிவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். பவர் போர்டை வெளியே எடுத்ததும், அதில் வேறு எதையும் தொடும் முன், 2.2 கிலோ ஓம் முதல் 10 கிலோ ஓம் வரையுள்ள 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர்களில் பொருத்தி, போர்டின் அடிப்பக்கம் அந்தக் கெபாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே பத்து நொடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரை 600 அல்லது 1000 வோல்ட் டி.சி-யில் வைத்து அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து டப்பென்று வெடிக்கவிடும் வழக்கம் வேண்டாம். கால்களும் போர்டின் செம்புத் தடமும் கருகும், சில நேரம் கெபாசிட்டரே உள்ளுக்குள் சேதமாகும்.

மானிட்டர் ஓடும்போது இன்வெர்ட்டர் பகுதியிலிருந்து குழல்களுக்குப் போகும் வயர்களில் 600 வோல்ட்டுக்கும் மேல் ஏ.சி இருக்கும், குழல் பற்றிக்கொள்ளும் கணத்தில் அதைவிடவும் கூடுதல். ஓடும் மானிட்டரில் அந்தப் பக்கம் மல்டிமீட்டரைக்கூடக் கொண்டுபோகாதீர்கள், மீட்டர் தாங்காது.

தேவையானவை

சால்டரிங் அயர்ன் 40 முதல் 60 வாட், சூட்டைக் கட்டுப்படுத்த முடிந்தால் நல்லது. முனை ஊசி போல இருக்க வேண்டாம். 2 முதல் 3 மி.மீ அகலமுள்ள உளி முனைதான் சூட்டை வேகமாகக் கடத்தும். சால்டர் கம்பி 60/40 அல்லது 63/37 (வெள்ளீயம், ஈயம் கலந்த விகிதம்), தடிமன் 0.8 மி.மீ. சால்டர் உறிஞ்சும் பம்ப், சால்டர் விக் (சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்), ஃப்ளக்ஸ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், மல்டிமீட்டர், பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், கட்டர், பிளாஸ்டிக் அட்டை இரண்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடியைப் பலர் விட்டுவிடுவார்கள். பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டிய கெபாசிட்டர் எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லாது.

திறப்பது

மேசையில் தடித்த மெத்தென்ற துணி விரித்து, திரை கீழே இருக்கும்படி மானிட்டரைப் படுக்க வையுங்கள். ஸ்டாண்டைக் கழற்றினால் அதன் அடியில் சில ஸ்க்ரூக்கள் இருக்கும். சில மாடல்களில் ஸ்டாண்டு மூட்டை மறைக்கும் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இன்னும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்த பிறகும் பின்மூடி வராது, முன்சட்டத்தோடு கொக்கிகளால் பிடித்திருக்கும். கீழ் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். பிளாஸ்டிக் அட்டையை இடுக்கில் நுழைத்து மெல்லத் திருகினால் ஒரு கொக்கி விடும். இரண்டாவது அட்டையை அங்கேயே செருகி வைத்துவிட்டு முதல் அட்டையோடு அடுத்த கொக்கிக்கு நகருங்கள், இல்லாவிட்டால் திறந்த கொக்கி மறுபடி மூடிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக்கில் பல் பதியும். பேனல் பக்கம் வழுக்கினால் வேலை அத்தோடு முடிந்தது.

மூடி சட்டென்று வந்தாலும் உடனே தூக்காதீர்கள். பட்டன் போர்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் உள்ளே போகும். உள்ளே போர்டுகளை மூடிய தகரப் பெட்டி இருக்கும். அதன் ஓரத்திலிருந்து வரும் குழல் வயர்கள் பெரும்பாலும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகவோ நீலமும் வெள்ளையுமாகவோ இருக்கும். கனெக்டரைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், வயரை அல்ல. பேனலுக்குப் போகும் அகலமான சிக்னல் கேபிளின் கனெக்டரில் இரண்டு பக்கமும் சின்ன அழுத்து நாக்கு இருக்கும், அழுத்திக்கொண்டே இழுங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும். நீளமான ஸ்க்ரூவைத் தவறான இடத்தில் போட்டால் அது பேனலின் பின்பக்கத்தைக் குத்தும், அதனால் எடுத்த இடத்தின் படத்தோடு பிரித்து வையுங்கள்.

பெட்டிக்குள் இரண்டு போர்டுகள் இருக்கும். கணினி கேபிள் மாட்டுவது மெயின் போர்டு, மின்சார கேபிள் மாட்டுவது பவர் போர்டு. நமக்கு வேண்டியது பவர் போர்டு. அதை எடுத்ததும் மேலே சொன்னபடி பெரிய கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

எதை மாற்றுவது

போர்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், செம்புத் தடமே இல்லாத ஒரு வெற்றுப் பட்டை போர்டை இரண்டாகப் பிரிப்பது தெரியும். மின்சார கேபிள் இருக்கும் பக்கம் பிரைமரி. டிரான்ஸ்பார்மரைத் தாண்டிய மறுபக்கம் செகண்டரி.

செகண்டரி பக்கத்தில் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் அத்தனையையும் மாற்றுங்கள், வீங்கியது வீங்காதது என்று பார்க்காமல். வழக்கமாக நான்கிலிருந்து எட்டு வரை இருக்கும்: 1000 மைக்ரோஃபாரட், 16 அல்லது 25 வோல்ட் இரண்டு மூன்று, 470 அல்லது 680 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் சில, 220 மைக்ரோஃபாரட் ஒன்றிரண்டு. ஒரே சூட்டில், ஒரே காலம் வெந்தவை இவை. ஒன்று வீங்கிவிட்டது என்றால் பக்கத்தில் இருப்பதும் அதே வழியில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கெடும்போது ஒவ்வொரு முறையும் மானிட்டரைத் திறந்துகொண்டிருப்பதைவிட இது லாபம்.

இப்போது அந்த விட்டுப்போகும் சின்னது. பிரைமரி பக்கத்தில், எட்டுக் கால் கொண்ட கன்ட்ரோலர் ஐ.சி-க்குப் பக்கத்தில் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று சுண்டுவிரல் நகம் அளவில் ஒன்று நிற்கும். பவர் சப்ளை தொடங்குவதற்கான முதல் மின்சாரத்தை அந்த ஐ.சி-க்குச் சேர்த்துக் கொடுப்பது இதுதான். இது ஏறக்குறைய ஒருபோதும் வீங்காது, சத்தமில்லாமல் காயும். “பிளக்கைக் கழற்றாதவரை ஓடுகிறது, ஒரு தடவை மின்சாரம் போய் வந்தால் அதன் பிறகு ஆன் ஆவதில்லை” என்று யாராவது சொன்னால் குற்றவாளி இதுவாகத்தான் இருக்கும். டிக், டிக் என்று மெல்லிய சத்தத்தோடு தொடங்கத் தொடங்க விழுந்துவிடும் மானிட்டரிலும் இதைச் சந்தேகிக்கலாம்.

பெரிய 400 வோல்ட் கெபாசிட்டர் அரிதாகத்தான் கெடும். வீங்கியிருந்தால், அல்லது கழற்றி அளந்தால் எழுதியதைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டினால் மட்டும் மாற்றுங்கள். மஞ்சள் அல்லது நீல நிறத்தில் தட்டையாக, பெட்டி போல நிற்கும் கெபாசிட்டர்களைத் தொட வேண்டாம். மின்சார நுழைவாயில் அருகே உள்ளவை பாதுகாப்புத் தரச் சான்று பெற்ற சிறப்பு வகை, அவற்றின் இடத்தில் வேறொன்றைப் போடக் கூடாது.

கெபாசிட்டர்களின் அடியில் பழுப்பு நிறப் பசை ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதிர்வில் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் வைத்தது. மஞ்சளாகவோ வெளிர் நிறமாகவோ இருந்தால் பரவாயில்லை. சூட்டில் கரும்பழுப்பாகிவிட்டால் சில வகைப் பசை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், பக்கத்து ரெசிஸ்டர்களின் கால்களையும் அரிக்கும். அப்படியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது

ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மைக்ரோஃபாரட், வோல்ட், வெப்பநிலை, குறுக்களவு, உயரம். கால்களுக்கு இடைப்பட்ட தூரம் குறுக்களவோடு சேர்ந்தே வரும், 8 மி.மீ கெபாசிட்டருக்கு 3.5 மி.மீ, 10 மற்றும் 12.5 மி.மீ-க்கு 5 மி.மீ.

வோல்ட் அதே அளவாகவோ ஒரு படி கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. பழையது 10 வோல்ட் என்றால் 16 வோல்ட் போடுவது நல்லது. மைக்ரோஃபாரட் அதே அளவு; கிடைக்காவிட்டால் 20 முதல் 50 சதவீதம் வரை கூடலாம், 1000-க்கு 1200 அல்லது 1500. அதற்கும் மேல் போனால், தொடங்கும் கணத்தில் கெபாசிட்டரை நிரப்பவே பவர் சப்ளை திணறிப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடக்கூடும். வெப்பநிலை 105 டிகிரி என்றே இருக்க வேண்டும். 85 டிகிரி வகை இங்கே தாங்காது.

எல்லாவற்றிலும் முக்கியம், லோ இ.எஸ்.ஆர் வகை. கடையில் “1000-க்கு 25” என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் பொதுப் பயன்பாட்டு வகை. மேலே 105 டிகிரி என்றுகூட எழுதியிருக்கும். அது சாதாரண ஆம்ப்ளிஃபயருக்குச் சரி, ஸ்விட்சிங் பவர் சப்ளைக்கு உதவாது. மானிட்டர் உடனே ஓடும், சில மாதங்களில் பழைய குறை திரும்பிவிடும். அதனால் வரிசைப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பானசோனிக்கில் எஃப்.ஆர், எஃப்.எம்; நிச்சிகானில் எச்.இ, பி.டபிள்யூ, ரூபிகானில் இசட்.எல்.எச், நிப்பான் கெமி-கானில் கே.ஒய். இவையெல்லாம் இந்த வேலைக்கே உரியவை. நல்ல பெயர்களுக்குப் போலிகள் நிறைய, எனவே சந்தை விலையைவிட ஆச்சரியமான மலிவில் கிடைத்தால் வாங்காதீர்கள். பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய கெபாசிட்டர்களும் வேண்டாம்.

உயரத்தையும் மறக்காதீர்கள். தகரப் பெட்டிக்குள் இடம் குறைவு. 20 மி.மீ இருந்த இடத்தில் 25 மி.மீ போட்டால் மூடி அதன் தலையில் உட்காரும். உயரம் இடித்தால், பக்கத்தில் இடமிருந்து, சூடான ஹீட்சிங்கைத் தொடாமல் படுக்க வைக்க முடிந்தால் கால்களைக் கொஞ்சம் நீளமாக விட்டுப் படுக்க வைக்கலாம்.

கழற்றுவதும் மாட்டுவதும்

முதலில் போர்டை மேலிருந்து தெளிவாகப் போட்டோ எடுங்கள். கெபாசிட்டரின் உறையில் ஓரமாக ஓடும் பட்டை மைனஸ் காலைக் குறிக்கும். போர்டில் அச்சிட்ட வட்டத்தில் பாதி நிரப்பப்பட்டிருக்கும். பெரும்பாலான போர்டுகளில் நிரப்பிய பாதி மைனஸ். ஆனால் இதற்கு நேர்மாறாக அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனவே அச்சை நம்பாமல், பழைய கெபாசிட்டரின் பட்டை எந்தப் பக்கம் இருந்தது என்பதையே நம்புங்கள். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தொடங்காமல், ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் குழப்பமே வராது.

அயர்ன் சுமார் 350 டிகிரி. கழற்றும் முன், பழைய இணைப்பின் மேல் கொஞ்சம் புது சால்டர் சேருங்கள். கழற்றுவதற்கு எதற்குச் சேர்ப்பது என்று தோன்றும். ஈயமில்லாத பழைய சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், 63/37 சால்டர் 183-லேயே உருகும். இரண்டும் கலந்தால் இணைப்பு எளிதில் இளகி, ஒரே மாதிரி பளபளவென்று ஓடும். பிறகு ஒரு கையால் கெபாசிட்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைச் சூடாக்கி அந்தப் பக்கம் மெல்லச் சாயுங்கள், ஒரு மி.மீ மேலே வரும். அடுத்த காலைச் சூடாக்கி மறுபக்கம் சாயுங்கள். இப்படி மாறி மாறி நான்கைந்து முறை செய்தால் கையோடு வந்துவிடும். வலிந்து இழுக்கவே கூடாது. இந்த போர்டுகள் பல ஒரே பக்கம் மட்டும் செம்பு கொண்ட மலிவு வகை; மூன்று நான்கு நொடிக்கு மேல் சூட்டில் பிடித்தாலோ, சால்டர் உருகும் முன் இழுத்தாலோ வட்டச் செம்பு போர்டிலிருந்து உரிந்து காலோடு வரும்.

உரிந்துவிட்டால் பதற வேண்டாம். அந்தச் செம்புத் தடம் எங்கே போகிறது என்று பார்த்து, அதன் மேலுள்ள பச்சைப் பூச்சை அரை செ.மீ அளவுக்குக் கத்தி முனையால் சுரண்டி, செம்பில் சால்டர் பூசி, புதிய கெபாசிட்டரின் காலை வெட்டாமல் வளைத்து அதன் மேல் படுக்க வைத்துச் சால்டர் செய்யுங்கள். பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும்.

துளையில் மிஞ்சிய சால்டரைப் பம்பாலோ விக்காலோ எடுங்கள். சால்டர் உருகியிருக்கும்போதே மரப் பல்குச்சியைத் துளையில் செருகி, ஆறியதும் உருவினாலும் துளை திறந்துவிடும், சால்டர் அதில் ஒட்டாது. கசிந்த எலக்ட்ரோலைட் பழுப்பாகப் படிந்திருந்தால், சூடாக்கும்போது மீன் வாடை போல ஒன்று வரும். ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே புதியதை வையுங்கள்.

புதிய கெபாசிட்டரில் நீளக் கால் பிளஸ், பட்டைப் பக்கம் மைனஸ். துளையில் நுழைத்து, போர்டோடு ஒட்டி உட்காரவைத்து, கால்களைக் கொஞ்சம் விரித்துவிடுங்கள், திருப்பினாலும் விழாது. அயர்ன் முனை காலையும் செம்பையும் ஒருசேரத் தொட வேண்டும். இரண்டு நொடி கழித்துச் சால்டர் கம்பியை அயர்னில் அல்ல, காலும் செம்பும் சேரும் இடத்தில் கொடுங்கள். சரியான இணைப்பு, காலைச் சுற்றிச் சரிவாக ஏறிய சிறு மேடாகத் தெரியும். உருண்டையாக, மணி போல நின்றால் செம்பில் ஒட்டவில்லை, மறுபடி சூடாக்குங்கள். கால்களை 1 மி.மீ விட்டு வெட்டுங்கள்.

போர்டைத் திருப்பி வைத்திருக்கும் இதே நேரத்தில் கனெக்டர்கள், டிரான்ஸ்பார்மர், ஹீட்சிங்கில் நிற்கும் பாகங்கள் ஆகியவற்றின் சால்டர் இணைப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். காலைச் சுற்றி முடி அளவில் ஒரு வளையக் கீறல் தெரிந்தால் கொஞ்சம் புது சால்டர் விட்டு உருக்கிவிடுங்கள். அடிக்கடி சூடாகி ஆறும் இணைப்புகள் இப்படித்தான் விட்டுப்போகும்.

முதல் முறை ஆன் செய்வது

பிளக் மாட்டும் முன், ஓம் அளவில் மல்டிமீட்டரை வைத்து, புதிய கெபாசிட்டர் ஒவ்வொன்றின் கால்களுக்குக் குறுக்கேயும் பாருங்கள். எண் தாழ்வாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் நல்லது, கெபாசிட்டர் நிரம்புகிறது. ஒரு ஓமுக்கும் கீழே ஒட்டிக்கொண்டு நின்றால் எங்கோ சால்டர் பாலம் விழுந்திருக்கிறது, அல்லது அந்தத் தடத்தின் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது.

போர்டுகளைத் தகரப் பெட்டியில் ஸ்க்ரூ போட்டு, எல்லா கனெக்டரையும் மாட்டி, பிளாஸ்டிக் மூடியை மட்டும் போடாமல் விடுங்கள். குழல் கனெக்டரை மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள்; இன்வெர்ட்டர் சுமையில்லை என்று அணைந்துவிடும், குறை தீரவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். முடிந்தால் மின்சார வழியில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டுத் தணிந்தால் ஷார்ட் இல்லை. முழுப் பிரகாசத்தில் நின்றால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். எல்.இ.டி பல்பு இதற்கு உதவாது. பல்போடு மானிட்டர் முழுதாக எழாமல் போகலாம், அது இயல்பு. ஷார்ட் இல்லை என்று தெரிந்ததும் நேரடி இணைப்புக்கு மாறிவிடுங்கள்.

படம் வந்து நின்றால், மூடியைப் போடும் முன் இரண்டு மணி நேரம் முழு வெளிச்சத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஓடும்போது உள்ளே கை வைக்க வேண்டாம், குழந்தைகளும் பூனைகளும் அண்டாத இடமாக இருக்கட்டும்.

இன்னும் வரவில்லையா

ஃப்யூஸ் போயிருந்தால் கெபாசிட்டரைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் பிரைமரி பக்க மாஸ்ஃபெட்டோ, ஏ.சி-யை டி.சி-யாக்கும் பிரிட்ஜ் டயோடோ ஷார்ட் ஆகியிருக்கும். புதிய ஃப்யூஸ் போட்டால் அதுவும் உடனே போகும். ஃப்யூஸின் இடத்தில் வயரைக் கட்டிப் பார்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால், பவர் போர்டிலிருந்து மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரில் வோல்ட் பாருங்கள். பின்களுக்குப் பக்கத்திலேயே 5 வோல்ட், 12 வோல்ட் என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். கறுப்பு முனையைக் கனெக்டரின் கிரவுண்டு பின்னில் வையுங்கள். 5 வோல்ட் தடம் 4.9-க்கும் 5.2-க்கும் இடையே அசையாமல் நிற்க வேண்டும். 2, 4, 1 என்று தாவிக்கொண்டிருந்தால் பவர் சப்ளை தொடங்கித் தொடங்கி விழுகிறது. அந்தச் சின்ன 22 மைக்ரோஃபாரட்டை மாற்றினீர்களா என்று மறுபடி பாருங்கள், அடுத்து செகண்டரி டயோடுகள்.

வோல்ட் எல்லாம் சரி, ஆனால் இரண்டு நொடியில் இருள்வது மட்டும் தீரவில்லை என்றால் மீதி இருப்பது இன்வெர்ட்டரும் குழல்களும். பிளக்கைக் கழற்றி டிஸ்சார்ஜ் செய்த பிறகு, குழல் கனெக்டர்களுக்குப் பின்னால் உள்ள ஒரே மாதிரியான டிரான்ஸ்பார்மர்களின் செகண்டரி சுற்றை ஓமில் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எண்கள் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் பல மடங்கு விலகினாலோ, அளவே காட்டாவிட்டாலோ அந்தச் சுற்று அறுந்திருக்கிறது. டிரான்ஸ்பார்மர்கள் சரியென்றால், நல்ல குழல் ஒன்றைக் கனெக்டர் கனெக்டராக மாற்றி மாட்டிப் பார்த்துக் கெட்ட குழலைக் கண்டுபிடிக்கலாம். மாற்றுவதற்குப் பேனலையே பிரிக்க வேண்டும், குழலுக்குள் பாதரசமும் இருக்கிறது, அதனால் புதியவர்கள் அதில் இறங்காமலிருப்பதே நல்லது.

டிரான்ஸ்பார்மர் தனியாகக் கிடைப்பது கடினம். அப்போது பவர் போர்டையே முழுதாக மாற்றுவதுதான் எளிது. மானிட்டரின் மாடலை வைத்துத் தேடாதீர்கள், ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று விதமான போர்டுகள் வந்திருக்கலாம். போர்டின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே எழுதித் தேடுங்கள். வந்த போர்டை மாட்டும் முன், கனெக்டரின் ஒவ்வொரு பின்னுக்கும் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பழைய போர்டோடு ஒப்பிடுங்கள். கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தியும் 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால், அதுவரை நன்றாக இருந்த மெயின் போர்டும் போய்விடும்.